திருகோணமலைக் கடிதம் பிறந்த கதை

இந்திய–இலங்கை ஒப்பந்தம் என்றதும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும் அருகருகே அமர்ந்து கையெழுத்திடும் படம்தான் நினைவுக்கு வரும். 1987 ஜூலை 29, கொழும்பு. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணையும், தமிழும் ஆட்சிமொழியாகும், மாகாணங்களுக்கு அதிகாரம் கிடைக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் நல்ல வாசகங்கள் பல இருந்தன. அதே நாளில் அதே இருவருக்கும் இடையே இன்னொரு தாளும் கைமாறியது. ராஜீவ் எழுதிய கடிதம் ஒன்று. அதை ஏற்று ஜெயவர்த்தனே எழுதிய பதில் ஒன்று. மேடைகளில் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசியவர்கள் பல ஆயிரம் பேர். அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தவர்கள் குறைவு.

கடிதத்தில் இந்தியாவின் கவலைகள் நான்கு வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இலங்கையில் இருக்கும் வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்கள் பற்றி இரு நாடுகளும் விரைவில் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தரப்படக் கூடாது. திருகோணமலை எண்ணெய் டாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைத்து நடத்த வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பைத் தவிர வேறு வேலைக்குப் பயன்படக் கூடாது. இதற்கு ஈடாக இந்தியா இரண்டு வாக்குறுதிகள் தந்தது: பிரிவினை பேசும் இலங்கைக் குடிமக்களை இந்திய மண்ணிலிருந்து நாடு கடத்துவது, இலங்கைப் படைகளுக்குப் பயிற்சியும் தளவாடமும் தருவது.

தமிழர் உரிமை பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரு மக்களின் எழுச்சியை முன்வைத்துத் தொடங்கிய பேச்சுவார்த்தை, துறைமுகமும் எண்ணெய் டாங்கியுமாக முடிந்தது எப்படி? அதற்குப் பதினாறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஒரே வாரத்தில் மூன்று முகங்கள்

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் யாஹியா கானின் ராணுவம் மக்கள் மீது பாய்ந்தது. மார்ச் 31 அன்று இந்திய நாடாளுமன்றத்தில் இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானம் வங்காள மக்களின் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது. மக்களின் எழுச்சிக்கு ஓர் அரசு தரக்கூடிய வெளிப்படையான ஆதரவு அது.

ஐந்தே நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, இலங்கையில் இன்னொரு எழுச்சி வெடித்தது. வேலையில்லாத சிங்களக் கிராமத்து இளைஞர்களைத் திரட்டியிருந்த மக்கள் விடுதலை முன்னணி, ஜே.வி.பி., தீவு முழுவதும் காவல் நிலையங்களைத் தாக்கியது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா உதவி கேட்டார். இந்தியா ஹெலிகாப்டர்களை அனுப்பியது. போர்க்கப்பல்கள் கரையோரம் ரோந்து வந்தன. பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பியது. அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும்கூட அதே அரசுக்குக் கைகொடுத்தன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள். டாக்காவின் இளைஞன் விடுதலை வீரன், குருநாகலின் இளைஞன் கலகக்காரன் என்று டெல்லி பிரித்துப் பார்த்தது. இரண்டு எழுச்சிகளும் ஒன்று அல்ல என்பது உண்மைதான்: வங்காளத்தில் தேர்தலில் வென்றவர்களை ராணுவம் நசுக்கியது, இலங்கையில் தேர்தலில் வென்ற அரசை ஆயுதம் ஏந்தியவர்கள் கவிழ்க்கப் பார்த்தார்கள். ஆனால் டெல்லி முடிவெடுத்தது இந்த வேறுபாட்டை மட்டும் பார்த்தல்ல. பாகிஸ்தான் உடைந்தால் இந்தியாவுக்கு லாபம். கொழும்பு கவிழ்ந்தால் நஷ்டம்.

அதே வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் தன் சொந்த அரசின் மௌனத்தைக் கண்டித்து வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். நிக்சனும் கிசிஞ்சரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சீனாவுக்கு ரகசியப் பாதை திறக்க அவர்களுக்கு யாஹியா கான் தேவைப்பட்டார். பிளட்டுக்குப் பதவி பறிபோனது.

திருகோணமலைக் கடிதத்தின் விதையும் இந்த ஆண்டில்தான் விழுந்தது. 1971 ஜனவரியில் இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்ட பிறகு, பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்வெளியில் பறக்கத் தடை வந்தது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் படையும் பொருளும் கொண்டுபோக வேண்டிய பாகிஸ்தான், தெற்கே சுற்றிக் கொழும்பு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனது. தனக்கு உதவி செய்த இந்தியாவின் எதிரிக்கும் சிறிமாவோ அரசு இடம் கொடுத்தது. டெல்லியின் பாதுகாப்பு அதிகாரிகள் அன்று ஒரு பாடம் கற்றார்கள்: தீவு சிறியதுதான், ஆனால் அதன் விமான நிலையமும் துறைமுகமும் யார் கையில் என்பது பெரிய விஷயம்.

துறைமுகம் என்றால் திருகோணமலை. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை அங்கே இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் அதன் மேல் குண்டு வீசியது. போர்க்காலக் கப்பல்களுக்காக பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய் டாங்கிகளில் 99 இன்னும் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன.

புட்டுத்தோப்பின் அடி

1977இல் பதவிக்கு வந்த ஜெயவர்த்தனே மேற்குலகின் பக்கம் சாய்ந்தார். அமெரிக்க வானொலிக்கு வசதிகளை விரிவாக்கித் தந்தார். டாங்கிகளை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுக்க ஏற்பாடு நடந்தது. 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கென்று ஒரு பிரிவு திறக்கப்பட்டது. பிரிட்டனின் கூலிப்படை நிறுவனம் அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தது. டெல்லியின் கவலைப் பட்டியல் நீண்டது.

இந்தப் பட்டியல் எதுவும் மதுரை ஆரப்பாளையத்துக்குத் தெரியாது. ஆரப்பாளையத்துக்குத் தெரிந்தது வேறு. 1974 ஜனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழ் மாநாட்டின் கடைசி நாளில் போலீஸ் புகுந்து உயிர்கள் போயின. ஐந்தாவது மாநாடு நடந்தது மதுரையில், 1981 ஜனவரியில். அது முடிந்து ஐந்து மாதத்துக்குள் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர்கள் எரிக்கப்பட்டார்கள். ஆவணி மூலத்தில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தத் திருவிளையாடல் தெரியும்: பிட்டுக்கு மண் சுமந்த கூலியாள் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்த அடி, ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் விழுந்த அடி தமிழ்நாட்டில் அப்படித்தான் விழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, ரயில்கள் நின்றன, எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஒரே கோரிக்கையை இரண்டு மேடைகளில் வைத்தார்கள். அகதிகள் படகுகளில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

டெல்லிக்கு இப்போது இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, தமிழ்நாட்டின் கொதிப்பு. இன்னொன்று, ஜெயவர்த்தனேயை வழிக்குக் கொண்டுவர ஒரு கருவி. 1983க்குப் பின் இந்திய உளவுத்துறை ஈழத்து இயக்கங்களின் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. அப்போது மறுக்கப்பட்ட இந்தச் செய்தி, இன்று நூல்களிலும் அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளிலும் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. பயிற்சிக்கு ஒரு வரம்பு இருந்தது. காஷ்மீரும் பஞ்சாபும் உள்ள நாடு, தமிழ்நாட்டில் தனிநாட்டுக் கோரிக்கையை 1963 வரை கண்ட நாடு, பக்கத்தில் தமிழருக்கென்று ஒரு தனிநாடு பிறப்பதை விரும்பாது. ஆகவே டெல்லியின் கணக்குப்படி அந்த எழுச்சி தோற்கவும் கூடாது, வெல்லவும் கூடாது. கொழும்பைப் பேச்சுக்கு இழுக்கும் அளவுக்கு உயிரோடு இருந்தால் போதும்.

1985 ஜூலை, ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் இந்தியா ஏற்பாடு செய்த பேச்சுவார்த்தையில் இந்தக் கணக்கு முதன்முதலாக இடறியது. தேசிய இனம், தாயகம், தன்னாட்சி உரிமை, குடியுரிமை என்ற நான்கு கொள்கைகளை எல்லாத் தமிழ் அமைப்புகளும் ஒரே குரலில் முன்வைத்தன. இலங்கை மறுத்தது. இந்தியாவுக்கும் அந்தக் கொள்கைகள் உவப்பாக இல்லை.

மதுரையில் ஒரு மே மாதம்

1985 மே மாதம் கருணாநிதி தலைமையில் தமிழீழ ஆதரவாளர்கள் அமைப்பு, டெசோ, தொடங்கியது. கி. வீரமணியும் மதுரைக்காரரான பழ. நெடுமாறனும் அதில் இருந்தார்கள். 1986 மே 4 அன்று அதன் பெரிய மாநாடு மதுரையில் கூடியது. வாஜ்பாய் வந்தார். என்.டி. ராமராவ் வந்தார். பகுகுணா வந்தார். தமிழ்நாட்டின் பிரச்சினை என்று டெல்லி ஒதுக்கி வைத்திருந்த ஒன்றுக்காக வடநாட்டுத் தலைவர்களும் ஆந்திர முதல்வரும் வைகைக் கரைக்கு வந்து பேசியது அதுவரை நடக்காதது. ஈழத் தமிழரின் எழுச்சிக்குக் கொள்கை அடிப்படையில் இந்தியா துணை நிற்க வேண்டும் என்ற குரல் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அகலமாக எழுந்ததில்லை.

மேடையில் இருந்தவர்களுக்குச் சங்கடமான செய்தி அதே வாரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. விடுதலைப் புலிகள் சக இயக்கமான டெலோவைத் தாக்கி அழித்துக்கொண்டிருந்தார்கள். டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே முதல் வாரத்தில் கொல்லப்பட்டார். கொள்கை பேசுகிறவர்களுக்கு இது எப்போதும் வரும் சோதனை. எழுச்சியை ஆதரிப்பது என்றால் அதை நடத்துகிறவர்கள் செய்யும் எல்லாவற்றையும் ஆதரிப்பதா? மக்களின் உரிமைக்கும் இயக்கத்தின் துப்பாக்கிக்கும் நடுவே கோடு போடத் தமிழ்நாடு தயங்கியது. அந்தத் தயக்கம் டெல்லிக்கு வசதியாகப் போயிற்று. யார் தமிழர்களின் சார்பில் பேசுவது என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது, தமிழர்களுக்குப் பதிலாகத் தானே பேசிவிடலாம் என்று அது முடிவெடுத்தது.

பூமாலையும் கடிதமும்

1987 மே 26 அன்று இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதல் தொடங்கியது. ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு போன படகுகளை ஜூன் 3 அன்று இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் மாலை பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் கிளம்பின. மிராஜ் போர் விமானங்கள் துணைக்குப் போயின. யாழ்ப்பாணத்தின் மேல் அரிசியும் பருப்பும் மருந்துமாகச் சுமார் 25 டன் விழுந்தது. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர். பசித்த வயிறுகளுக்கு 25 டன் ஒரு வேளைக்குக் காணாது. பூமாலை விழுந்தது யாழ்ப்பாணத்தில் என்றாலும் அதன் முகவரி கொழும்பு. எந்த வல்லரசும் ஜெயவர்த்தனேயைக் காப்பாற்ற வரவில்லை.

அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்தவர் ஜே.என். தீட்சித். தமிழர்மீதான அக்கறையோடு இந்தியாவின் பாதுகாப்புக் கவலைகளும் சேர்ந்துதான் டெல்லியின் கொள்கையை வகுத்தன என்பதைப் பின்னாளில் தன் நூலில் ஒளிக்காமல் எழுதியவர். எட்டு வாரத்தில் ஒப்பந்தம் தயாரானது. ஒப்பந்தத்தில் தமிழர்கள் கையெழுத்திடவில்லை. இரு அரசுகள்தான் இட்டன. புலிகளின் தலைவர் பிரபாகரன் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டு அசோகா ஓட்டலில் வைக்கப்பட்டார். ஒப்பந்தத்தின் முகப்பில் கொள்கை இடம்பிடித்தது. கூடச் சென்ற கடிதத்தில் நலன் இடம்பிடித்தது. கட்டுநாயக்காவில் 1971இல் விழுந்த விதை திருகோணமலையில் முளைத்தது இப்படித்தான்.

கடிதம் வளர்ந்த விதம்

முதல் அடி சிங்களர்களிடமிருந்து வந்தது. கையெழுத்தான மறுநாள், அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினான். 1971இல் இந்திய ஹெலிகாப்டர்கள் நசுக்க உதவிய அதே ஜே.வி.பி., இந்திய ஆதிக்கத்துக்கு எதிராக என்று சொல்லி இரண்டாவது முறை ஆயுதம் எடுத்தது. இந்தியப் பொருள்களை விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை மிரட்டியது. வடக்கே, ஒப்பந்தத்தை அமல்படுத்தப் போன இந்திய அமைதிப்படை, 1987 அக்டோபரில், யாரைக் காக்கப் போனதோ அவர்களின் பெயரால் போராடிய புலிகளோடு போரில் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அவர்களைவிட அதிகமான தமிழ்ப் பொதுமக்களும் மடிந்தார்கள். புலிகளுக்கே ஆயுதம் கொடுத்து இந்தியப் படையை வெளியேறச் சொன்னார் ஜனாதிபதி பிரேமதாசா. 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்துதான் கிளம்பியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அதோடு தமிழ்நாட்டின் கொதிப்பும் அடங்கியது. டெல்லியைக் கேள்வி கேட்கும் குரலும் அடங்கியது.

ஒப்பந்தத்தின் கதி என்ன? வடக்கு–கிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்கின் பின்னால் இருந்தது ஜே.வி.பி. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் காலம் 2018இல் முடிந்த பிறகு வடக்கில் மாகாணத் தேர்தலே நடக்கவில்லை.

கடிதத்தின் கதி வேறு. 2003இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை டாங்கிகளுக்குள் நுழைந்தது. 2022 ஜனவரியில் 99 டாங்கிகளுக்கும் பங்கு பிரிந்தது: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. தமிழர் விஷயத்திலோ டெல்லி மாறி மாறி நின்றது. 2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரத்தில், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. தமிழ்நாடு உலுக்கிய பிறகு 2012, 2013இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2022இல் சிங்கள மக்களே ஜனாதிபதி கோத்தபாயாவைத் துரத்தியபோது டெல்லி கவனமாக இருந்தது: சுமார் 400 கோடி டாலர் உதவி கொடுத்தது, இலங்கை மக்களோடு நிற்பதாக அறிக்கை விட்டது, எந்தப் பக்கமும் கையை நீட்டவில்லை.

கதையின் உச்சம் 2025 ஏப்ரல் 5. கொழும்பில் இந்தியப் பிரதமர் மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் முன்னிலை வகிக்க, பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையும் கைமாறின. அநுர, ஜே.வி.பி.யின் தலைவர். 54 ஆண்டுகளுக்கு முன் அதே ஏப்ரல் 5 அன்றுதான் அவருடைய கட்சி முதல் துப்பாக்கியைத் தூக்கியது. நசுக்கப்பட்ட எழுச்சியின் வாரிசு, நசுக்க உதவிய நாட்டோடு, தன் கட்சி எதிர்த்து ரத்தம் சிந்திய கடிதத்தின் சாரத்தையே உறுதிப்படுத்தினார். இரு பக்கமும் கொள்கையை மாற்றிக்கொண்டன. திருகோணமலை இருந்த இடத்தில் இருந்தது.

கணக்கு சரியா?

நாடுகள் தங்கள் நலனைப் பார்ப்பதில் குற்றம் இல்லை. கோடிக்கணக்கான மக்களின் பாதுகாப்பைச் சுமக்கும் அரசு, துறைமுகங்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தால்தான் தவறு. 1956இல் சூயஸ் தாக்குதலை உரக்கக் கண்டித்த நேரு அரசு, அதே மாதம் ஹங்கேரி மக்கள் எழுச்சி பற்றிய ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. 1988இல் பர்மிய மாணவர்களுக்கு ஆதரவாக நின்ற இந்தியா, தொண்ணூறுகளில் அதே பர்மிய ராணுவ ஆட்சியோடு கைகுலுக்கியது. இதெல்லாம் நடப்பதுதான்.

கேள்வி வேறு: நலனின் கணக்குப்படியே பார்த்தாலும் அந்தக் கடிதம் லாபமா? டாங்கிகளுக்குக் கடிதம் கேட்ட கூட்டு நிறுவனம் அமையச் சுமார் 35 ஆண்டு ஆயிற்று. துறைமுகங்களை அந்நிய ராணுவத்துக்குத் தரக் கூடாது என்ற வரி இருந்தும், 2014இல் கொழும்புக்குச் சீன நீர்மூழ்கிகள் வந்தன. 2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனாவுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல், இந்தியா ஆட்சேபித்தும், அங்கே நங்கூரமிட்டது. 1987இல் கொழும்பு கையெழுத்திட்டது தமிழர் பிரச்சினை என்ற அழுத்தம் கழுத்தில் இருந்ததால். வடக்கிலும் கிழக்கிலும் அதிகாரம் உள்ள, இந்தியாவை நம்பும் ஒரு தமிழ் மாகாண ஆட்சி நிலைத்திருந்தால், திருகோணமலைக்கு அதைவிடப் பெரிய காவல் வேறு இருந்திருக்காது. கொள்கையைக் கைவிட்டது நலனுக்காக என்றார்கள். கொள்கை போனதும் நலனைத் தாங்கிய தூணும் போனது. கடிதத்தின் கதையில் நான் படிக்கும் தீர்ப்பு இதுதான்.

இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க எந்த அயல்நாட்டின் கையெழுத்தும் வேண்டாம். ஆரப்பாளையத்திலிருந்து வைகையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் ஆனையூர். இன்னும் தள்ளி, மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி. இம்மூன்று இடங்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடுகளும் உதவித்தொகையும் கூடின. குடியுரிமை மட்டும் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். அதே மாதக் கடைசியில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஜூலை 1க்குப் பிறகு முகாம்களில் பிறந்து வளர்ந்து, மதுரைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்து, இங்கேயே வேலை பார்க்கும் ஒரு தலைமுறை, சட்டத்தின் பார்வையில் இன்னும் வெளிநாட்டார். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை எண்ணியது. இலங்கை அதில் இல்லை.

அடுத்த தேர்தலில் ஈழம் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்களிடம் மதுரை வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆனையூரில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எப்போது?